மாப்பிள்ளையின் ஸ்போர்ட்ஸ் கார்

ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுகிறவனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள், அவன் அதிலிருந்து இறங்குவதையும் ஒருமுறை பார்க்க வேண்டும். முதலில் ஒரு கால் வெளியே வரும். பிறகு ஒரு முனகல். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு மிச்ச ஆள். தரைக்கு ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்து போகிற வண்டியை ஐம்பது வயதுக்கு மேல்தான் வாங்க முடிகிறது என்பது பொருளாதாரத்தின் கோளாறு.

என்னுடையது 1972-ஆம் வருடத்து எம்ஜிபி. கரும்பச்சை நிறம், குரோம் பம்பர், மடக்கிவிடக்கூடிய துணிக்கூரை, இரண்டே சீட். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஆபிங்டன் என்ற சிற்றூரில் 1962 முதல் 1980 வரை, கூரை போட்ட மாடலையும் சேர்த்து, ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். அதில் ஒன்றின் படம் பள்ளிக்கூட நாளில் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கிலப் பத்திரிகையில் இருந்தது. கிழித்து, முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். பாட்டி அதற்கும் சேர்த்துத்தான் கற்பூரம் காட்டினாள். காட்டிய கற்பூரம் வீண்போகவில்லை. லண்டன் ஹாரோவில் வீட்டுக் கடன் முடிந்த கையோடு வண்டி வாசலுக்கு வந்துவிட்டது.

சுகம் இல்லாமல் இல்லை. ஜூன் மாதத்துச் சாயங்காலம், கூரையை மடக்கிவிட்டு, கிராமத்துச் சாலையில் மூன்றாவது கியரில் வளைவு திரும்பும்போது சைலன்சரிலிருந்து ஒரு உறுமல் வரும். அதைக் கேட்க நான் தேவையே இல்லாத வளைவுகளைத் தேடிப் போயிருக்கிறேன். எதிரே இன்னொரு எம்ஜி வந்தால் ஓட்டுகிறவர் கை காட்டுவார். மற்றபடி பக்கத்து வீட்டுக்காரரிடமே பேசாத ஊர் இது. இரண்டே சீட் என்பதால் ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிப்போ என்று எந்த உறவினரும் கேட்பதில்லை. நாற்பது வயது தாண்டிய வண்டிக்குச் சாலை வரியும் கிடையாது. எப்படியும் அதிக தூரம் போகப்போவதில்லை என்று அரசாங்கத்துக்கே தெரியும் போலிருக்கிறது.

மழை வேறு கதை. கூரை மூடியிருக்கும்போதும் மழை உள்ளே வரும், கொஞ்சம் வடிகட்டி வரும், அவ்வளவுதான். சீட்டுக்குப் பின்னால் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகளைத் தரைக்கடியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து இங்கிலீஷ் கார்களுக்கு விளக்கும் வயரும் செய்த கம்பெனிக்கு 'இருட்டின் இளவரசன்' என்று இந்த ஊர்க்காரர்களே பட்டம் கொடுத்திருக்கிறார்கள். 2021-இல் சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால் கலக்க ஆரம்பித்தார்கள். பழைய ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது என்பதால் என் வண்டி விலை கூடிய பெட்ரோல்தான் குடிக்கும். குடித்ததற்குப் பதிலாக ஆயிலை ஒழுகவிடும். மனைவியின் தாம்பாளம் ஒன்று நிரந்தரமாக வண்டிக்கு அடியில் இருக்கிறது. ரிப்பேருக்குக் கொண்டுபோனால், மெக்கானிக் பையன் டேஷ்போர்டுக்குக் கீழே குனிந்து, ஸ்கேனரை எங்கே சொருகுவது என்று தேடுகிறான்.

இந்த நிலைமையில்தான் கும்பகோணத்திலிருந்து மாமனார் வந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் அம்பாசடர் டாக்ஸி ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமை அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஹைகேட் முருகன் கோயிலுக்குக் கிளம்பினேன். மாப்பிள்ளை எப்பேர்ப்பட்ட வண்டி வைத்திருக்கிறார் என்று காட்ட வேண்டுமே. ஆர்ச்வே ரோடு மேட்டில் ஏறும்போது வண்டி வெட்டி வெட்டி இழுத்தது. பிறகு நின்றுவிட்டது. பின்னால் பஸ்.

"மிஸ்ஸிங் அடிக்குது மாப்பிள்ளை. பானெட்டைத் திறங்க" என்றார். திறந்தேன். குனிந்து பார்த்தவர் வாய்விட்டுச் சிரித்தார். "அட, இது நம்ம அம்பாசடர் என்ஜின்!"

அவமானமாக இருந்தது. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால் இன்னும் அவமானம், ஏனென்றால் அவர் சொன்னது சரி. பிஎம்சி கம்பெனியின் பி சீரிஸ் என்ஜினை, 1489 சிசி அளவில், 1955-இல் எம்ஜிஏ என்ற ஸ்போர்ட்ஸ் காரில் வைத்தார்கள். அதே 1489 சிசிதான் வங்காளத்து உத்தர்பாராவில் செய்த அம்பாசடரிலும் பல காலம் ஓடியது. எம்ஜிபிக்காக சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கி 1798 சிசி ஆக்கினார்கள்; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் மட்டும் அதே 88.9 மில்லிமீட்டர். பாட்டி கற்பூரம் காட்டியது கும்பகோணம் டாக்ஸியின் தம்பிக்கு, கொஞ்சம் மார்பு அகன்ற தம்பிக்கு.

மாமனார் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். உள்ளே, தீப்பொறிக்காக மின்சாரத்தை வெட்டிவிடும் சி.பி. பாயிண்ட் கருகிக் குழி விழுந்திருந்தது. டூல் பையிலிருந்த உப்புத்தாளைக் கிழித்து, பாயிண்ட் இடுக்கில் விட்டு, நகப்பூச்சைச் சுரண்டி எடுப்பதுபோல நிதானமாகத் தேய்த்தார். "நாலாவது கியர்ல போட்டு மெள்ளத் தள்ளுங்க மாப்பிள்ளை... போதும், போதும்." கேம் உச்சியில் நின்று பாயிண்ட் விரிந்தது. "விசிட்டிங் கார்டு இருக்கா?" கொடுத்தேன். பதவி, பட்டம் எல்லாம் அச்சடித்த அந்தக் கார்டை இடைவெளியில் நுழைத்து, லேசாக உரசிக்கொண்டு வரும்வரை ஸ்க்ரூவைத் திருப்பினார். அந்தக் கார்டு அதுவரை அவ்வளவு உருப்படியான காரியம் எதையும் செய்ததில்லை. செல்ஃப் அடித்தேன். பிடித்துக்கொண்டது. பஸ் டிரைவர் கைதட்டினார். மாமனாருக்கு.

அன்றிலிருந்து வீட்டில் என் பதவி டார்ச் பிடிப்பவன். காலையில் முதல் காபி பானெட்டுக்குப் போகும். "அப்பா கை வச்சா வண்டி எப்படிக் கேக்குது பாருங்க" என்பாள் மனைவி. ஆயில் ஒழுகுகிறதே என்று கேட்டால், "ஒழுகலைன்னாதான் மாப்பிள்ளை பயப்படணும், உள்ள ஆயில் இல்லைன்னு அர்த்தம்" என்பார். வண்டியும் அந்தக் கோடை முழுக்க ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை. யாருக்குப் பணியவேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

இந்த நாட்டு விசிட்டர் விசா ஒரு தடவைக்கு ஆறு மாதம்தான். அக்டோபரில் அவர் விமானம் ஏறினார். மறு வாரமே மிஸ்ஸிங். பாயிண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டு, தொல்லை விட்டது என்கிறார்கள் நண்பர்கள். மாட்டலாம். பெரிய செலவுகூட இல்லை. ஆனால் மாமனார் ஏப்ரலில் மறுபடி வருகிறார். வந்து பானெட்டைத் திறந்து அந்தக் கறுப்பு டப்பாவைப் பார்த்தால் அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

ஆகவே, வண்டியை விற்கிறாயா என்று கேட்பவர்களுக்கு: விலைக்கு இல்லை. ஏப்ரலுக்குள் ஹாரோ பக்கமிருந்து யாராவது ஹைகேட் கோயிலுக்குப் போகிறீர்களென்றால், எனக்கும் மனைவிக்கும் உங்கள் காரில் கொஞ்சம் இடம் கொடுங்கள்.