அடிச்சட்டச் சாசனம்: செங்கை வட்டாரத்துப் பழைய பிக்கப் வண்டிகளை முன்வைத்து

சேஸ் நம்பர் எனப்படுவது யாதெனின், வண்டி செய்தவன் அடிச்சட்டத்தில் பொறித்து, வாங்கியவன் பெயின்ட் அடித்து மறைத்து, எப்.சி. நாளன்று இருவரையும் சபித்தபடி மூன்றாமவன் தேடுவது. இதனை ஆராயும்பொருட்டுக் கொக்கிலமேட்டிலிருந்து மீன் ஏற்றும் டி.என். 19 பிக்கப் ஒன்று எமக்கு வாய்த்தது. காலம், 1990களின் பிற்பகுதி. வண்ணம் வெள்ளை என்பது ஆர்.சி. புத்தகத்தின் கூற்று மட்டுமே.

வண்டிச் சாசனங்கள் இரு வகை. கேபினுக்குள் ரிவெட் அடித்த தகடு செப்பேடு. சட்டத்தில் குத்திய எண் கல்வெட்டு. செப்பேடு ஊர் மாறும் என்பதை வரலாற்று மாணவர் அறிவர். எம் வண்டியின் செப்பேடு, டிங்கரிங் பட்டறையில் கேபின் மாற்றியபோதே பழைய இரும்புக் கடை சேர்ந்துவிட்டது. எஞ்சியது கல்வெட்டு. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, விதி 122 எண்ணைப் பொறிக்கச் சொல்கிறது. குனியாமல் படிக்க வழி செய்யவில்லை. ஆகவே ஆய்வாளர் மல்லாந்து படுக்க வேண்டும். வலப்புறச் சட்டத்தில், முன் சக்கரத்தை அடுத்துத் தேடுக என்பது செங்கல்பட்டு மெக்கானிக் ஒருவரின் கருத்து. அவருடைய மேல்பாதி வண்டிக்கடியில் இருந்தமையால் மேற்கோளின் மீதி கேட்கவில்லை.

அகழாய்வில் அடுக்குகள் வெளிப்பட்டன. மேலே போன எப்.சி.க்கு அடித்த கறுப்புப் பெயின்ட். அதன்கீழ் செதில் கலந்த சேறு. பிறகு கிரீஸ். அடியில் துரு, உப்புக்காற்று போதாதென்று மீன் பெட்டியின் ஐஸ் நீரும் ஒழுகி வளர்த்த துரு. இங்கே அறிஞர் கவனியாத ஓர் உண்மையைப் பதிவு செய்கிறோம்: ஆயில் கசியும் இடத்தில்தான் எழுத்து சிதையாமல் நிற்கிறது. பொறுப்பாகக் கசிவை அடைத்தவன் வரலாற்றை அழித்தவனாகிறான்.

சாளுவன்குப்பத்தில் இந்த அகழும் வேலையைக் கடலே செய்து கொடுத்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி மணலை அரித்துப் போனபின் எழுத்துள்ள பாறை தலைகாட்டியது. மறு ஆண்டு தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல்லால் கட்டிய முருகன் கோயில் கிடைத்தது. எமக்குக் கிடைத்தவை அரை டம்ளர் டீசலும் கிழிந்த லுங்கியும். “கம்பி பிரஷ் போடாதீங்க சார், நம்பரே போயிடும்” என்ற எச்சரிக்கையைப் பின்வரும் ஆய்வாளர்கள் பொன்னேபோல் போற்றுக.

எழுத்து தெரிந்ததும் படி எடுக்க வேண்டும். கல்வெட்டறிஞர் நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டிப் பள்ளத்தில் இறக்கி, மேலே மை ஒற்றுவார். பள்ளம் வெள்ளையாக நிற்கும். மெக்கானிக் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்க்கிறார். பள்ளம் வெள்ளையாகவே நிற்கிறது. முன்னதற்கு மைப்படி என்று பெயர், முனைவர் பட்டம் கிடைக்கும். பின்னதற்குப் பென்சில் பிரிண்ட் என்று பெயர், டீச் செலவு கிடைக்கும்.

அடுத்து வாசிப்பு. இன்றைய 17 இட எண்முறையில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் கிடையா. ஒன்றோடும் சுழியோடும் குழம்பும் என்று விலக்கினார்கள். எம்.ஏ.டி. என்று தொடங்கினால் டாடா, எம்.ஏ.1 என்றால் மகிந்திரா. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே நூற்றாண்டுகளைக் கடத்திய நம் கல்வெட்டுக்காரர்களை நோக்க, மோட்டார்க்காரர் கவலை வியப்புக்குரியது. ஆயினும் 3, 8 இரண்டையும் அவர்கள் விட்டுவைத்தனர். எம் ஆய்வு சாய்ந்தது அங்கேதான்.

கடைசிக்கு முந்தைய எண் இரும்பில் 8, ஆர்.சி. புத்தகத்தில் 3. மெக்கானிக் மரபுக்கு இரும்பே மூலம். “எழுதினவரு கண்ணாடி போடாம எழுதிட்டாரு சார்.” ஆர்.டி.ஓ. அலுவலக மரபுக்குத் தாளே மூலம், துரு தின்று தின்று 3 வாய் மூடியிருக்கலாம் என்பது அவர்கள் துணிபு. இத்தகைய பூசல் இக்கடற்கரைக்குப் புதிதன்று. மாமல்லபுரத்துத் தருமராஜ ரதத்திலும் கணேச ரதத்திலும் உள்ள ‘அத்யந்தகாமன்’ என்ற பட்டம் எந்தப் பல்லவ மன்னனுக்குரியது என்று அறிஞர் பிரிந்தனர். அங்குள்ளவை எல்லாமே ராஜசிம்மன் பணி என்று 1960களில் இரா. நாகசாமி எழுதினார், எதிர்த்தவர்களும் எழுதினார்கள். அவர்களுள் எவருக்கும் மறுநாள் விடியலில் மீன் ஏற்ற வேண்டிய கட்டாயம் இல்லை.

சாளுவன்குப்பத்து அதிரணசண்ட மண்டபத்தில் ஒரே செய்தியை ஒரு சுவரில் கிரந்தத்திலும் எதிர்ச்சுவரில் நாகரியிலும் வெட்டிவைத்த பல்லவனை இவ்விடத்தில் பெருமூச்சுடன் நினைத்தோம். ஒன்று சிதைந்தால் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

அலுவலகத்தில் மூன்றாம் முறையும் படி எடுத்து வரச் சொல்லிவிட்டார்கள். வண்டிக்காரர் எம்மை மேலும் கீழும் பார்த்தார். “இன்னாண்ணே, படிச்ச ஆளுன்னுதானே உன்னைக் கூட்டியாந்தேன்?” மறுமொழி கூறாது பென்சிலைச் சீவிக்கொண்டு களத்துக்குத் திரும்பினோம். வலப்புறம், முன் சக்கரத்தை அடுத்து, நாய் ஒன்று படுத்திருந்தது.