மறுபடியும் வந்துவிட்டார்

கானாவின் கடலோர மழலைப் பள்ளிகளுக்குப் போன வருஷம் வந்த பிரிட்டிஷ் தொண்டர்கள் சிலர் இந்த வருஷமும் வருகிறார்கள். “பிள்ளைகள் என்னை மறந்திருக்க மாட்டார்கள்” என்ற நம்பிக்கையோடு. வருகிற வெள்ளைக்காரர் அத்தனை பேரையும் ‘ஒப்ருனி’ என்றே கூப்பிட்டுக் காலைக் கட்டிக்கொள்ளும் பிள்ளைகள்; யாரை மறப்பது?

சுவருக்கு மறுபடியும் பெயின்ட். வருகிறவர் எல்லாம் ஒரு பூச்சு பூசினால், சீக்கிரமே வகுப்பறை சுருங்கிவிடும்.

அவர்கள் ஊரில் மழலைப் பள்ளி வேலைக்குக் குற்றப் பின்னணிச் சோதனை உண்டு. வெளிநாட்டுத் தொண்டுக்கு ஆள் அனுப்பும் சில ஏற்பாட்டாளர்களுக்கோ பணம் கட்டிய ரசீதே நற்சான்று. கானா ஒன்றும் ஆசிரியர்களே பிறக்காத நாடல்ல. 2008 கல்விச் சட்டத்திலேயே இரண்டு வருட மழலைக் கல்வியைக் கட்டாய, இலவச அடிப்படைக் கல்வியில் சேர்த்த நாடு. உள்ளூர் டீச்சர் இருக்கிறார். தொண்டர் வந்தால் பாடத்தை நிறுத்திவிட்டு, அவரைப் பிள்ளைகளோடு போட்டோ எடுத்துக் கொடுக்கிறார்.

அடுத்த வருஷமும் போகத் துடிப்பவர்களே, விமான டிக்கெட் காசை அந்த டீச்சரின் சம்பளத்துக்கு அனுப்புங்கள். பெயின்ட்டை உள்ளூர்க்காரர்களே அடித்துக்கொள்வார்கள்.