சோத்துக்கு மேக்கால ஊறுகா

நைமெகன், நெதர்லாந்து

அன்புள்ள ஆயாவுக்கு,

நான் சௌக்கியம். இங்க சூரியன்ங்கிறது மேகத்துக்குப் பின்னால உலவுற வெறும் வதந்தி. கடுதாசியைத் தம்பி உரக்கப் படிப்பான். நடுவுல தன் சரக்கைச் சேர்த்தா நம்பாத.

மனசைப் பத்தின படிப்புன்னா பைத்தியத்துக்கு வைத்தியமா, மொழிப் படிப்புன்னா தமிழ் வாத்தியாரான்னு வில்லியனூர் அத்தை கேட்டுச்சாம். ரெண்டும் இல்ல. ஒரே நேரத்துல ரெண்டு படிப்பு எதுக்குன்னு அப்பா முணுமுணுத்தா இதைச் சொல்லு: பல்லவராஜா நிருபதுங்கன் காலத்துலயே நம்ம பாகூர்ல ஒரு கல்விச்சாலை இருந்துச்சு. அதுக்கு மூணு ஊரை எழுதிவெச்ச செப்பேடே இருக்கு. அங்க 14 வித்தை. நான் ரெண்டோட நிறுத்திக்கிட்டேன்.

இந்த ஊர்ல மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம்னு ஒண்ணு, 1980-ல வந்தது. அங்கருந்து எரிக் பெடர்சன்ங்கிறவர் தமிழ் பேசுறவங்களை வெச்சு ஒரு சோதனை நடத்தியிருக்கார். மேசையில பொம்மை மிருகங்களை வரிசையா வெச்சுக் காட்டுவாங்க. அப்புறம் ஆளை எதிர்ப்பக்கம் திருப்பி, வேற மேசையில அதே மாதிரி அடுக்கச் சொல்வாங்க. டவுன்காரங்க பெரும்பாலும் இடது வலது மாறாம அடுக்கினாங்க. கிராமத்தாளுங்க பலரும் வடக்கே பாத்த மாட்டை வடக்கேயே பாக்க வெச்சாங்க. 'சோத்துக்கு மேக்கால ஊறுகா வை'ம்பியே, அந்தக் கணக்குதான். உன்னைப் பத்திப் பாடம் நடக்குது ஆயா, நான் நோட்டு எடுத்துக்கிட்டிருக்கேன்!

பேசுற பழக்கம்தான் புத்தியை இப்படித் திருப்புதுன்னு ஒரு கட்சி. 2002-ல பெகி லீ, லைலா கிளைட்மன்னு ரெண்டு பேர், அமெரிக்கப் பசங்களே ஜன்னல் வழியா வெளியே தெரிஞ்சா வேற மாதிரி அடுக்குறாங்க, மொழி காரணமில்ல, சுத்துப்புறம்தான்னாங்க. நைமெகன்காரங்க பதிலுக்கு வரிஞ்சு கட்டிக்கிட்டு எழுதினாங்க. குழாயடிச் சண்டைதான், அடிக்குறிப்போட.

ஜன்னல் கட்சி பாதி சரி. ஏரிக்கரையும் கோபுரமும் கண்ணுல படுற ஊர்ல திசை எங்க தொலையும்? ஆனா கரண்டு போன ராத்திரி, கதவு சாத்தின சமையக்கட்டுல, 'தெக்கால இருக்குற சொம்பை எடு'ன்னு தடுமாறாம சொல்வியே. அங்க எந்த ஜன்னல்?

ஒரு உதவி. திண்ணையில கத்திரிக்கா, மாங்கா, எலுமிச்சம்பழம்னு தெக்கேருந்து வடக்கே வரிசையா வை. டவுன் பள்ளிக்கூடத்துல படிக்கிற தம்பியைத் திருப்பி விட்டு, எதிர்த் திண்ணையில அடுக்கச் சொல்லு. பின்னாடி நீ அடுக்கு. உன்னைப் பாத்து அவன் மாத்தினா காதைத் திருகிட்டு, முதல்ல அடுக்கினதையே எழுதி அனுப்பச் சொல்லு.

உன் பேத்தி