அமைதி வாங்க வந்தவர்

நெதர்லாந்தின் வடகிழக்கில் திரெந்தே என்றொரு மாகாணம் இருக்கிறது. ஓக் மரங்கள் நிற்கும் ஊர்ப் பொதுத்திடல், அதைச் சுற்றி நாணல் வேய்ந்த பண்ணைவீடுகள், ஊருக்கு வெளியே ஐயாயிரம் ஆண்டுப் பழைய கல்லறைப் பாறைகள். அந்த நாட்டில் எஞ்சியிருக்கும் 54 பாறைக் கல்லறைகளில் 52 இங்கேதான். அவற்றுக்குள் படுத்திருந்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்த மாகாணத்தில் முழு அமைதி கிடைத்ததாகத் தகவல் இல்லை. இது தெரியாமல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து இரண்டு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு ஒருவர் வந்து இறங்குகிறார். பெயர் வேண்டாம், ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். அமைதிவிரும்பி என்று வைத்துக்கொள்வோம்.

வயது ஐம்பதை எட்டிப் பார்க்கும். காலில் விலை உயர்ந்த ரப்பர் பூட்ஸ். அதில் பொட்டுச் சேறு இருக்காது. ஆம்ஸ்டர்டாமில் மூன்றாம் மாடியில் வெகுகாலம் குடியிருந்தவர். கீழே மதுக்கடை, எதிரே டிராம், கல் பாவிய தெருவில் சுற்றுலாக்காரர்கள் இழுத்துப் போகும் சக்கரப் பெட்டிகளின் கடகடப்பு. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் தம்முடைய எழுபது சதுர மீட்டரை விற்றால், திரெந்தேயில் பண்ணைவீடு, கொட்டகை, ஆப்பிள் மரங்கள், அரை ஏக்கர் புல்வெளி எல்லாம் வாங்கி, கையில் மிச்சமும் வைக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்த அன்றைக்கே அவருக்கு இயற்கையின் மேல் காதல் பிறந்துவிட்டது.

இந்த வகையில் ஒரு மூதாதை உண்டு. 1883 செப்டம்பரில் ஹேக் நகரத்தை விட்டு வின்சென்ட் வான்கோ திரெந்தேக்கு வந்தார். செலவு குறையும், வரைய நிறையக் கிடைக்கும் என்ற எண்ணம். நியூ ஆம்ஸ்டர்டாம் என்ற ஊரில் விடுதி அறையில் தங்கி, சதுப்பு நிலத்தையும் மண் குடிசைகளையும் வரைந்தார். டிசம்பர் தொடக்கத்தில் தனிமை தாங்காமல் மூட்டை கட்டிக்கொண்டு பெற்றோர் வீட்டுக்குப் போய்விட்டார். பெரிய கலைஞர் என்பது இருக்கட்டும், விவரமானவரும்கூட. வீடு வாங்கவில்லை பாருங்கள்.

நம்மவர் வாங்குகிறார். அந்த நாட்டில் விற்பனைக்கு வரும் வீடுகளில் பெரும்பாலானவை ஃபுண்டா என்ற இணையதளத்தில் ஏறிவிடும். வாங்குகிற உத்தேசமே இல்லாதவர்களும் படுக்கையில் சாய்ந்தபடி அதைப் புரட்டுவார்கள். மற்றவர் வீட்டுச் சமையலறையைப் பார்ப்பதில் எந்த நாட்டு மனிதருக்கும் அலுப்புத் தட்டுவதில்லை. கிராமத்து வீட்டு விளம்பரங்களில் இரண்டு சொற்கள் தவறாமல் இருக்கும்: அமைதி, விசாலம். வீட்டுத் தரகர்களுக்கு நம்மவரின் பலவீனம் நன்றாகத் தெரியும். ஆகவே வீட்டைக் காட்டுவது மே மாதத்தில், வாரநாளில், காலை பதினொரு மணிக்கு. ஆப்பிள் பூத்திருக்கும். பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். டிராக்டர் எங்கோ தூரத்து வயலில் இருக்கும்.

வீடு பார்க்க ஒதுக்குவது இருபது நிமிடம். அடுத்த ஆள் வெளியே காரில் காத்திருப்பார். அந்த இருபது நிமிடத்தில் அமைதிவிரும்பியின் மனைவி சுவரைத் தட்டிப் பார்க்கிறார், தரைக்கு அடியில் ஈரம் இருக்கிறதா என்று மூடியைத் தூக்கிப் பார்க்கிறார். நம்மவர் தோட்டத்து நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்.

“கேக்குதா?” என்கிறார் பரவசமாக.

“என்னது?”

“ஒண்ணுமே கேக்கல!”

தரகர் அடக்கமாகத் தலையசைக்கிறார். “எப்பவுமே இப்படித்தாங்க” என்று மட்டும் அவர் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டின் குறைகள் தெரிந்தால் விற்பவர் சொல்லியாக வேண்டும். வாங்குபவரும் தம் பங்குக்கு விசாரிக்க வேண்டும். இதுதான் அங்கே முறை. விற்பவர் நேர்மையானவர். கேள்விப் படிவத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். கழிவுநீர் செப்டிக் டேங்குக்குப் போகிறது. எரிசக்திச் சிக்கனத்துக்கு வழங்கும் தரவரிசையில் வீடு கடைசி எழுத்தில் நிற்கிறது. கொட்டகைக் கூரை ஆஸ்பெஸ்டாஸ். 1993-இலேயே தடை செய்த பொருள்தான். பழைய கூரைகளையும் எடுத்தே தீர வேண்டும் என்று கொண்டுவந்த சட்டத்தை 2019-இல் மேலவை தள்ளிவிட்டதால் அது இன்னும் தலைக்கு மேலேயே இருக்கிறது. இது பழைய வீடு, புது வீட்டின் தரத்தை எதிர்பார்க்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவும் உண்டு. நம்மவர் எல்லாவற்றையும் தாண்டிப் போய்க் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். கேட்ட விலைக்கு மேலேயும் கொடுத்தார். ஒப்பந்த நகல் கைக்கு வந்தபின் வாங்குபவர் மனம் மாற மூன்று நாள் அவகாசம் தருகிறது சட்டம். காரணமே சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். அந்த மூன்று நாளையும் அவர் எந்த இனக் கோழி வளர்ப்பது என்று படிப்பதில் கழித்தார்.

பத்திரம் நோட்டரி முன்னால்தான் முடியும். நோட்டரி முக்கியமான பகுதிகளை எடுத்துச் சொல்லி விளக்குவார். இந்த வீட்டுப் பத்திரத்தில் வழி உரிமை என்று ஒரு பத்தி: பக்கத்துப் பண்ணைக்காரர் தம் வயலுக்குப் போக இந்த வீட்டுப் பாதையைப் பயன்படுத்தலாம். தலைமுறை தலைமுறையாக வரும் உரிமை. “ஆகட்டும், அழகான பழக்கம்” என்றார் அமைதிவிரும்பி. மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு முதியவர் பனியில் நடந்து போவதாக அவர் மனத்தில் படம் ஓடியது. மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு வந்தது அவர் தோளுயரச் சக்கரம் வைத்த டிராக்டர். பின்னால் ஒரு டாங்கர்.

அந்த டாங்கரில் என்ன இருக்கிறது என்பதை அவர் பிப்ரவரியில் அறிந்தார். புல்வெளிகளுக்குத் திரவச் சாணம் போட அந்த நாட்டில் காலக்கெடு உண்டு; குளிர்காலம் முழுக்கத் தடை, பிப்ரவரி பாதியில் தடை நீங்கும். அதுவரை தொட்டியில் தேங்கிக் கிடந்ததெல்லாம் ஒரே வாரத்தில் வயலுக்கு வரும். மேலே தெளிக்கக் கூடாது, மண்ணுக்குள்தான் செலுத்த வேண்டும் என்பது விதி. வாசனைக்கு விதி தெரியாது. அமைதிவிரும்பி சத்தத்துக்கு மட்டுமே விலை பேசியிருந்தார். மூக்கைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை.

ஜூலையில் அவர் வாங்கிய காட்சி காணாமல் போயிற்று. வரவேற்பறைக் கண்ணாடிச் சுவரைப் பெரிதாக்கிக் கட்டியதே அடிவானம் வரை தெரிய வேண்டும் என்றுதான். எதிர் வயலில் விதைத்தது மாட்டுத் தீவனச் சோளம். இரண்டரை மீட்டர் உயரத்துக்கு எழுந்து நின்றது. “இதைக் கொஞ்சம் குட்டையா வளர்க்க முடியாதா?” என்று பண்ணைக்காரரைக் கேட்டதாகச் சொல்கிறார்கள். நான் நம்புகிறேன். இலையுதிர்காலத்தில் அறுவடை இயந்திரங்கள் மழைக்கு முந்திக்கொள்ள நள்ளிரவு தாண்டியும் விளக்குப் போட்டு ஓடின. காட்சி திரும்பக் கிடைத்தது, தூக்கம்தான் போயிற்று.

ஜூன் கடைசி வாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆசென் நகரத்துக்கு வெளியே மோட்டார் சைக்கிள் பந்தயத் தளம் ஒன்று இருக்கிறது. 1925 முதல் பந்தயம் நடக்கிறது; தொடக்க ஆண்டில் ஓட்டியதே இந்தப் பக்கத்துக் கிராமச் சாலைகளில்தான். ஆண்டுதோறும் அந்த வாரத்தில் லட்சம் பேருக்கு மேல் கூடுவார்கள். வருஷக் கடைசியில் கிராமத்து இளைஞர்கள் பழைய பால் கேன்களில் கார்பைடும் தண்ணீரும் போட்டு, மூடியை இறுக்கி, தீ வைத்து வெடிப்பார்கள்; அதை நாட்டின் மரபுரிமைப் பட்டியலில்கூடச் சேர்த்திருக்கிறார்கள். நம்மவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, நாயைக் கட்டிப் பிடித்தபடி புத்தாண்டை வரவேற்றார். மாதா கோவில் மணி வேறு. தில்பர்க் நகரத்துப் பாதிரியார் ஒருவர் அதிகாலை மணி விவகாரத்தில் நகராட்சியோடு மோதி, ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2012-இல் தோற்றார். அந்தத் தீர்ப்பின் நகல் அமைதிவிரும்பியின் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

அவரைப் பார்த்து ஊர் சிரிக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களை அங்கே ‘இம்போர்ட்’ என்பார்கள். வந்து முப்பது வருஷம் ஆனாலும் இம்போர்ட்தான், ஆனாலும் அதில் பகை கிடையாது. அந்தப் பக்கத்தில் அண்டை அயலுக்கென்று ஒரு பழைய கடமை முறை உண்டு, நோபர்ஸ்காப் என்று பெயர். பிரசவம், கல்யாணம், நோய், சாவு எதுவானாலும் முதலில் வந்து நிற்க வேண்டியவர் பக்கத்து வீட்டுக்காரர். முன்காலத்தில் இறந்தவர் வீட்டுச் செய்தியை ஊருக்குச் சொல்வதும் பெட்டியைச் சுமப்பதும் அவர்தான். புதிதாக வருகிறவர் அக்கம்பக்கத்தாரை அழைத்து ஒரு வாய் காப்பியோ பீரோ கொடுத்தால் போதும், கணக்கில் சேர்ந்துவிடுவார். நம்மவருக்கு இது புரியவில்லை. முதல் வாரமே முன்வாசலில் கேமரா வைத்த அழைப்பு மணி மாட்டினார். யாரும் வரவில்லை என்று நிம்மதியும் பட்டுக்கொண்டார். திரெந்தேக்காரர்கள் முன்வாசல் வழியாக வருவதில்லை. கல்யாணத்துக்கும் பிணத்துக்கும்தான் முன்கதவு என்பது பழைய வழக்கு. ஒருநாள் காலை அவர் உள்ளாடையோடு காப்பி கலந்துகொண்டிருந்தபோது பின்கதவைத் திறந்துகொண்டு பண்ணைக்காரர் உள்ளே வந்து, ஒரு கூடை முட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, வானத்தைப் பற்றி நான்கு வார்த்தை பேசிவிட்டுப் போனார். மறுவாரமே பின்பக்கத்தில் வேலி எழும்பியது.

உண்மையில் அந்தத் தெருவில் அதிகச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கணக்கெடுத்தால் பதில் சங்கடமாக இருக்கும். சமையலறையை இடித்துக் கட்டிய ஆறு மாதமும் துளைக்கும் இயந்திரம் நிற்கவில்லை. நாணல் கூரை பிரித்து வேய்ந்தார்கள். வெப்ப பம்பு இரவெல்லாம் முனகுகிறது. உதிர்ந்த இலையை ஊதித் தள்ள ஒரு கருவி, அதற்குப் பெட்ரோல் எஞ்சின். வாசலில் ஜல்லி பரப்பியதால் யார் நடந்தாலும் ஊருக்கே கேட்கும். வெள்ளிக்கிழமை மாலையானால் ஆம்ஸ்டர்டாம் நண்பர்கள் கார் காராக வந்து, தோட்டத்தில் நின்று, “ஆகா, என்ன அமைதி!” என்று உரக்கக் கத்துவார்கள். ஆசைப்பட்டு வாங்கிய சேவலும் கூவத்தான் செய்தது. பிறகு கொட்டகையைச் சீராக்கி, இரவு தங்கலும் காலைச் சிற்றுண்டியும் தரும் விடுதியாக மாற்றினார். விளம்பரத்தில் முதல் சொல் அமைதி. ஆக, அவர் வாங்கியதை இப்போது தினசரி வாடகைக்கு விடுகிறார்.

அவரால் ஊருக்குப் பிரயோசனமே இல்லை என்று சொன்னால் பாவம் வரும். ஊர்ச் சமுதாயக் கூடத்தின் கூரைக்கு மானியம் கேட்டு நாற்பது பக்க விண்ணப்பம் எழுதியவர் அவர்தான். அரசாங்க பாஷையில் எழுத அந்த ஊரில் வேறு ஆள் இல்லை. மானியமும் கிடைத்தது. திறப்பு விழாவில் பண்ணைக்காரர் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அந்த ஊர் வழக்கப்படி இது பொன்னாடை போர்த்துவதற்குச் சமம்.

எழுதும் பழக்கம் கையில் வந்துவிட்டது. ஊர்ப் பிள்ளைகளுக்கு என்று ஊர் எல்லையில் எட்டுச் சிறிய வீடுகள் கட்ட ஒரு திட்டம் வந்தது. ஆம்ஸ்டர்டாம் பணம் நுழைந்தபின் உள்ளூர்ச் சம்பளத்தில் அந்த ஊரில் வீடு வாங்க முடியாமல், பண்ணைக்காரரின் மகன் கல்யாண வயதிலும் அப்பா அம்மா வீட்டு மாடியில்தான் இருக்கிறான். திட்டத்தை எதிர்த்து முதல் ஆட்சேபம் தாக்கல் செய்தவர் அமைதிவிரும்பி. ஊரின் பழைய முகம் மாறிவிடுமாம், அந்தி வெளிச்சத்தில் வௌவால்கள் பறக்கும் வழி அடைபடுமாம், போக்குவரத்து கூடுமாம். இருபத்திரண்டு பக்கம், படங்களுடன். திட்டம் இன்னும் கோப்பில் கிடக்கிறது.

இதற்கிடையில் அவருடைய மகளுக்கு ஆம்ஸ்டர்டாமில் வீடு கிடைக்கவில்லை. எங்கே கட்டப் போனாலும் ஏற்கெனவே குடியிருப்பவர்கள் ஆட்சேபம் எழுதித் தடுத்துவிடுகிறார்கள் என்று தொலைபேசியில் அழுகிறாள். அப்படிப்பட்ட சுயநலக்காரர்களைப் பற்றி அவர் இப்போது பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்.