டாம்சல் மீனின் குத்தகை உரிமை: ஒரு தொட்டிச் சட்ட ஆராய்ச்சி

அடையாற்றிலோ மயிலாப்பூரிலோ ஒரு ஃபிளாட்டின் ஹாலில் மூன்றடி மரைன் டேங்க் இருந்து, அதில் ஒரு டாம்சலும் இருந்தால், அது அடுத்த மீனின் வாலைக் கடித்துக்கொண்டிருக்கும் என்பதில் அறிஞரிடையே பிணக்கில்லை. ஏன் கடிக்கிறது என்பதில்தான் பிணக்கு. பிறவிக் குணம் என்று மீனை வாங்கியவர் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். இக்கட்டுரை அதை மறுக்கிறது. டாம்சல் ரௌடி அன்று, குத்தகைதாரர். அதைப் புரிந்துகொள்ள விலங்கியலைவிட 1921ஆம் ஆண்டின் மெட்ராஸ் நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமே உதவும். பிறர் மனையில் தன் செலவில் வீடு கட்டியவரை வெறுங்கையோடு எழுப்ப முடியாது, கட்டடத்துக்கு ஈடு தர வேண்டும், மனையையே விலைக்குக் கேட்கவும் அவருக்கு வழியுண்டு என்பது அதன் சாரம்.

சான்று தண்ணீரிலேயே இருக்கிறது. உப்பு கரைத்து நிரப்பிய புது டேங்கில் மீன் கழிவு அம்மோனியாவாகித் தேங்கும். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கற்களில் குடியேற ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். அதுவரை விலை உயர்ந்த மீனை விட்டால் செத்துப்போகும் என்று, மலிவாகக் கிடைக்கும், எதையும் தாங்கும் டாம்சலை முதலில் இறக்கிவிடுவது பழைய வழக்கம். மூன்று புள்ளி டாம்சல் என்றால் கரிய உடம்பு, நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, விலாவுக்கு ஒன்று. வயது ஏற ஏற நெற்றிப் பொட்டு மங்கும், குணம் மங்காது. அந்த விஷ நீரில் மூச்சுவிட்டு, தன் கழிவாலேயே பாக்டீரியாவை வளர்த்து, டேங்கை வாழத் தக்கதாக்கியது அதுதான். ஆக மனை உங்களுடையது, கட்டடம் அதனுடையது. எல்லாம் முடிந்தபின் கோமாளி மீன் ஜோடியாக வந்து இறங்குகிறது. அதுவும் டாம்சல் குடும்பத்ததே என்பதால், நடப்பதைப் பங்காளிச் சண்டை என்றே வகைப்படுத்த வேண்டும்.

அஃதேல், கடலில் யார் டேங்க் வைத்தார், அங்கும் கடிக்கிறதே எனின், அங்கும் உழைப்பே காரணம். சில டாம்சல்கள் பவளப்பாறையில் பாசி வளர்த்து, வேண்டாத பாசியைக் களை பறித்து எறிகின்றன. மேய வருவது எதுவானாலும், முக்குளிப்பவரே ஆனாலும், முட்டித் துரத்துகின்றன. விலங்கு நடத்தை ஆய்வாளர் கான்ராட் லோரன்ஸ் மூர்க்கம் பற்றி 1963இல் எழுதிய நூலைப் பவள மீன்களிலிருந்தே தொடங்கினார். பளிச்சென்ற நிறம் தன் இனத்தானை விலகச் சொல்லும் அறிவிப்பு என்பது அவர் துணிபு. தி.நகர் கேட்டுகளில் தொங்கும் 'நோ பார்க்கிங், டயரில் காற்று பிடுங்கப்படும்' பலகையும் இவ்வகையினதே.

கற்களை இடம் மாற்றி அடுக்கினால் சண்டை சில நாள் அடங்குகிறதே, உரிமை மெய்யானால் அடங்குமோ எனின், அற்றன்று. மெட்ரோவுக்காகத் தோண்டிய லஸ்ஸில், பிறந்து வளர்ந்தவரே எந்தப் பக்கம் திரும்புவது என்று நிற்கிறார். போனது திசை, பட்டா அல்ல. பொந்து பிடிபட்டதும் டாம்சல் விட்ட இடத்திலிருந்து கடிக்கும்.

காலி செய்ய வைப்பதும் எளிதன்று. வலை உள்ளே வந்ததும் அது கல்லிடுக்கில் போய்விடும். பிடிக்க வேண்டுமென்றால் கற்கள் அத்தனையும் வெளியே வர வேண்டும், அதாவது கட்டடத்தை இடிக்க வேண்டும். எனவே விவரமறிந்தோர் புது மீனைத் துளையிட்ட கண்ணாடிப் பெட்டியில் போட்டு, டேங்குக்குள்ளேயே சில நாள் தொங்கவிடுகிறார்கள். உள்குத்தகைக்கு வந்தவர் திண்ணையில் காத்திருக்க, மூத்த குடியிருப்பாளர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருப்பார்.