நிலாவுக்கு ஃபிளாஷ் அடிக்கும் மக்கள்

ராத்திரியில் ட்ரைபாடை விரித்து வைத்தால் போதும், யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து நின்றுவிடுவார். கொஞ்ச நேரம் கைகட்டி வேடிக்கை பார்ப்பார். பிறகு, "செட்டிங் என்ன சார் வச்சிருக்கீங்க?" என்பார். நாம் எந்த எண்ணைச் சொன்னாலும் ரொம்பத் தெரிந்தவர்போல் தலையாட்டுவார். அப்புறம் தன் போனை எடுத்து, ஆட்டோ மோடில், ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

நிலாவுக்கு ஃபிளாஷ் அடிப்பது நம் மக்களிடம் ஆழமாக வேரூன்றிய வழக்கம். நம்பாதவர்கள் சித்ரா பௌர்ணமியன்று கன்னியாகுமரிக்குப் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் சூரியன் மறைய, மறுபக்கம் நிலா எழுவதைக் காண ஊரே கடற்கரையில் கூடியிருக்கும். நிலா தலையைக் காட்டியதும் பளிச் பளிச்சென்று நூறு போன்கள் மின்னும். போன் ஃபிளாஷ் நாலைந்து மீட்டர் போனாலே பெரிய விஷயம். ஆகவே படத்தில் பிரகாசமாக விழுவது முன்னால் நிற்பவரின் வழுக்கை. நிலா இருப்பதோ சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தள்ளி. ஒளி அங்கே போய்ச் சேர ஒன்றேகால் விநாடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். திரும்பி வரவும் அதே நேரம். நம் ஷட்டர் அறுபதில் ஒரு விநாடியில் மூடிக்கொள்ளும். போன வெளிச்சம் எப்பாடுபட்டாவது திரும்பி வந்தாலும், அதற்குள் நாம் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருப்போம்.

இந்தக் காரியத்தை ஒழுங்காகச் செய்தவர்கள் விஞ்ஞானிகள்தான். 1969-இல் அப்போலோ 11-இல் போனவர்கள் அங்கே ஒரு பிரதிபலிப்பானை வைத்துவிட்டு வந்தார்கள். பூமியிலிருந்து சக்திவாய்ந்த லேசரை அதன்மேல் அடித்து, திரும்பி வரும் சொற்ப ஒளித்துகள்களைப் பிடித்து, நிலா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்தார்கள். அவர்களும் முன்னால் யார் தலையும் மறைக்காத இடமாகப் பார்த்துத்தான் அடித்திருப்பார்கள்.

"ஃபிளாஷ் இல்லாம இருட்டுல எப்படி சார்?" என்று கேட்பவருக்கு ஒரு விஷயம். இருட்டு நமக்குத்தான். நிலாவில் நாம் பார்க்கிற பக்கம் வெயில் கொளுத்துகிறது. வெயிலில் கிடக்கும் பாறையை எப்படி எடுப்போமோ அப்படித்தான் பௌர்ணமி நிலாவையும் எடுக்க வேண்டும். அப்பர்ச்சர் எஃப் 11. ஐஎஸ்ஓ எவ்வளவோ, ஷட்டரின் கீழ் எண்ணும் அவ்வளவு. ஐஎஸ்ஓ 100 என்றால் நூறில் ஒரு விநாடி. இதற்கு 'லூனி லெவன்' என்று பெயர். மேலும், நிலா தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 12 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. அது பழைய தார் ரோட்டின் கணக்கு. காதலி முகத்தை நிலவோடு ஒப்பிடுகிற கவிஞர்கள் இதை வீட்டில் படித்துக் காட்ட வேண்டாம்.

ஆட்டோ மோடுக்கு இதெல்லாம் புரியாது. எதைப் பார்த்தாலும் சராசரி சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் அதற்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட ஒரே பாடம். வானம் கன்னங்கரேலென்று இருப்பதைக் கண்டதும் இரக்கப்பட்டு வெளிச்சத்தை அள்ளிக் கொட்டும். நிலா சுண்ணாம்பு பூசின வட்டமாகிவிடும். மேனுவலுக்கு மாறி சரியாக எடுத்தால் அடுத்த சோதனை காத்திருக்கிறது: 50 எம்எம் லென்ஸில் நிலாவின் பிம்பம் சென்சாரில் அரை மில்லிமீட்டர்கூட வராது. அப்படி ஒரு படத்தைக் காட்டியபோது என் மனைவியின் அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "மாப்ளே, சென்சார்ல தூசி ஒட்டியிருக்கு, க்ளீன் பண்ணக் குடுங்க" என்றார்.

அவரிடம் இருக்கும் போனில் நிலா பள்ளம் மேடெல்லாம் தெரிய வரும். அதில் அவருக்குப் பெருமை. ஆனால் 2023-இல் ஒருவர் நிலாப் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, கம்ப்யூட்டர் திரையில் வைத்து, அதை அதுபோன்ற ஒரு போனால் எடுத்தார். போன், திரையில் இல்லாத பள்ளங்களையும் சேர்த்துப் பளிங்காகக் கொடுத்தது. உலகமெங்கும் ரகளை. தெரியாத கேள்விக்கும் மனப்பாடமாக விடை எழுதுகிற பையன்கள் வகுப்பில் மட்டும்தான் இருப்பார்கள் என்று நினைத்திருந்தோம்.

நிலாவை விடுங்கள். நிலா வெளிச்சத்தில் ஊரை எடுப்பது இதைவிடப் பெரிய கூத்து. ஐஎஸ்ஓ 400, எஃப் 4, 30 விநாடி என்பது பௌர்ணமிக்குத் தோதான தொடக்கம். (அரை நிலாவுக்கு இதில் பாதி வெளிச்சம் இருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள், பத்தில் ஒரு பங்குதான் தேறும்.) ஃபோகஸை லைவ் வியூவில் ஒரு தூரத்து விளக்கைப் பெரிதாக்கிக் கையால் வைக்க வேண்டும், லென்ஸில் போட்டிருக்கும் முடிவிலிக் குறியை நம்பக் கூடாது. கேமராவில் 'லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்' இயங்கினால், நாலு நிமிடப் படத்துக்குப் பின் இருட்டாகவே இன்னொரு நாலு நிமிடப் படத்தை அது தானாக எடுத்துக் கழித்துக்கொள்ளும். இது தெரியாத நண்பர் ஒருவர், கேமரா மூச்சுப்பேச்சில்லாமல் போய்விட்டது என்று பேட்டரியைக் கழற்றி முதலுதவி செய்தார். படமும் போயிற்று.

இத்தனையும் தாண்டிச் சரியாக எடுத்தால் என்ன கிடைக்கும் தெரியுமா? பகல். நீல வானம், பச்சை மரம், தரையில் நிழல். நிலவொளியும் சூரிய ஒளிதானே, கடன் வாங்கியது. 30 விநாடி சேர்த்து வைத்தால் அசலாகிவிடும். உற்றுப் பார்த்தால் மட்டும் வானத்தில் நட்சத்திரங்கள் தெரியும். ஏரிக்கரையில் அப்படி எடுத்த படத்தைப் பார்த்த என் மனைவி, "இதுக்கா ராத்திரி பதினோரு மணிக்குக் கொசுக்கடியில போய் நின்னீங்க? நாளைக்குக் காலையில டிபன் சாப்பிட்டுட்டே போயிருக்கலாமே" என்றாள். அந்தக் காலத்து சினிமாக்காரர்கள் உச்சிவெயிலில் எடுத்து, எக்ஸ்போஷரைக் குறைத்து, நீல ஃபில்டர் போட்டு ராத்திரியாக்கினார்கள். நாங்கள் ராத்திரியில் நின்று பகலாக்குகிறோம். தமிழ்நாட்டில் தொழில் சமநிலை இப்படித்தான் காக்கப்படுகிறது.

"நிலாவும் வேணும், கோபுரமும் வேணும், ரெண்டும் ஒரே படத்துல" என்பவர்கள்தான் பேராசைக்காரர்கள். மேலே சொன்ன இரண்டு செட்டிங்குகளையும் ஒப்பிட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிலாவுக்கும் நிலத்துக்கும் ஏறக்குறைய 90,000 மடங்கு வித்தியாசம். எந்த சென்சாரும் இதற்கு ஒத்துவராது.

அப்படியானால் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் எப்படி எடுத்தார்? அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், ஹெர்னாண்டஸ் என்ற கிராமத்தின்மேல் நிலா எழும் அவருடைய படம் உலகப் புகழ் பெற்றது. சாலையோரம் காரை நிறுத்திவிட்டு ஓடியவருக்கு லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. ஆனால் நிலாவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது மனப்பாடம். அதை வைத்தே கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவதற்கு ஃபிலிம் ஹோல்டரைத் திருப்புவதற்குள், கல்லறைச் சிலுவைகளின் மேலிருந்த வெயில் போய்விட்டது. இவ்வளவு ஞாபகசக்தி உள்ளவருக்குப் படம் எடுத்த தேதி மட்டும் மறந்துவிட்டது. கடைசியில் வானியல் கணக்குத் தெரிந்தவர்கள் நிலாவின் இடத்தை வைத்து, 1941 நவம்பர் 1, மாலை 4.49 என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள். கல்யாண நாளை மறக்கும் கணவர்களுக்கு இப்படி உதவ ஆள் கிடைப்பதில்லை.

கவனித்தீர்களா, மணி 4.49. அது ராத்திரிப் படமே இல்லை. கறுப்பு வானம் பிரிண்ட் போடும்போது இருட்டறையில் வந்தது. வெயிலும் நிலாவும் சேர்ந்திருந்த நேரம் அது. நிலாவும் அன்றைக்கு முழு வட்டமாகியிருக்கவில்லை.

ஆகவே கோபுரமும் நிலாவும் சேர்ந்தே வேண்டும் என்பவர்கள் பௌர்ணமிக்கு முந்தின நாள் போங்கள். நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் பிந்தி எழுவதால், முந்தின நாளில் சூரியன் மறைவதற்கு முன்பே அது வானத்தில் ஏறியிருக்கும். கோபுரத்திலும் வெளிச்சம் மிச்சமிருக்கும். கூட்டம் மறுநாள்தான் வரும் என்பதால் பார்க்கிங்கும் தாராளமாகக் கிடைக்கும்.