சேரப் போகிறவர்

பெரிய டெக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களைவிட, அதில் சேரப் போகிறவர்களுக்குத்தான் பரபரப்பு அதிகம். பழைய மகாபலிபுரம் சாலையில் எந்த டீக்கடையில் நின்றாலும் இவர்களில் ஒருவரைப் பார்க்கலாம். கழுத்தில் தொங்குவது பழைய கம்பெனியின் அடையாள அட்டை; வாயில் வருவது புதிய கம்பெனியின் பேச்சு. ஆஃபர் லெட்டர் கைக்கு வந்துவிட்டது. பழைய கம்பெனியோ 90 நாள் நோட்டீஸ் பீரியடில் ஒரு நாளைக்கூடக் குறைக்க மாட்டேன் என்கிறது. அந்த மூன்று மாதமும் இவருக்கு ஒரே வேலைதான்: புதிய இடத்து 'கல்ச்சரு'க்குத் தயாராவது.

சேரும் இடத்தைப் பொறுத்து இவர்களில் உட்பிரிவுகள் உண்டு. கூகுளில் புதிதாகச் சேர்பவருக்கு 'நூக்ளர்' என்று பெயர்; உச்சியில் காற்றாடி வைத்த வண்ணத் தொப்பியும் உண்டு. அங்கே போகப் போகிறவர், தொப்பி கிடைக்கும் முன்பே போட்டோவுக்குச் சிரித்துப் பழகுகிறார். சத்யா நாதெல்லா 2014-இல் மைக்ரோசாஃப்டின் தலைமைக்கு வந்த பிறகு அங்கே தாரக மந்திரம் 'க்ரோத் மைண்ட்செட்'. அங்கே போகப் போகிறவர், கரோல் ட்வெக் எழுதிய 'மைண்ட்செட்' புத்தகத்தைப் படித்துவிட்டு, கணக்கில் கோட்டை விட்ட மகனிடம், "பெயிலாயிட்டேன்னு சொல்லாதே, இன்னும் பாஸாகலைன்னு சொல்லு" என்கிறார். பையனுக்கு அப்பாவை இவ்வளவு பிடித்தது அதுதான் முதல் தடவை.

நெட்ஃபிளிக்ஸ்காரருக்கு 'கீப்பர் டெஸ்ட்'. 'இவர் வேலையை விட்டுப் போகிறேன் என்றால் தடுத்து நிறுத்தப் பாடுபடுவேனா?' என்று மேனேஜர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டுமாம். அதைப் படித்த கையோடு இவர் சமையல்காரம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அந்தம்மா முந்திக்கொண்டு, "சம்பளம் ஏத்தலேன்னா ஒண்ணாந்தேதியிலேர்ந்து நின்னுக்கறேன்" என்றார். சம்பளம் ஏறிவிட்டது.

இவர்களெல்லாம் கத்துக்குட்டிகள். முழு ஆசாமி யாரென்றால், அமேசானில் சேரப் போகிறவர். ஏனென்றால் மனப்பாடம் செய்ய அங்கேதான் சரக்கு ஜாஸ்தி. 'லீடர்ஷிப் பிரின்சிபிள்ஸ்' மொத்தம் 16. 2021 வரை 14 இருந்தன. அந்த வருஷம் இரண்டு சேர்ந்தன. நேர்முகத் தேர்வில் ஒவ்வொன்றுக்கும் கைவசம் கதை வேண்டும் என்பதால், பழைய ஆபீஸில் பிரிண்டர் ஓடாததை இவர் சரிசெய்த சம்பவம்கூட 'ஓனர்ஷிப்' என்ற தலைப்பில் காவியமாகியிருந்தது.

சொந்தக்காரர்களுக்கு இதொன்றும் விளங்காது. "அமேசான்லயா? ரொம்ப சந்தோஷம்ப்பா. எனக்கு ஒரு மிக்ஸி ஜார் வரணும், பத்து நாளாச்சு. கொஞ்சம் என்னன்னு கேட்டுச் சொல்லேன்" என்றார் பெரியப்பா. இவர் கோபப்படவில்லை. முதல் கொள்கையே 'கஸ்டமர் அப்செஷன்'. ஆர்டர் எண்ணைக் குறித்துக்கொண்டார்.

மாமனாரிடம் ஸ்டாக் விவகாரத்தை விளக்கியதுதான் சிரமம். கம்பெனி தரும் பங்குகளில் கைக்கு வருவது முதல் வருஷம் 5 சதவிகிதம், இரண்டாம் வருஷம் 15, மூன்றிலும் நான்கிலும் 40, 40. மாமனார் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "கடைசியில எடுத்தாதான் லாபம்னு சொல்ற சீட்டு மாதிரி இருக்கே மாப்ளே. அதுவரைக்கும் உங்களை வெச்சுப்பாங்களா?" நிதி ஆலோசகர் யாரும் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை.

அடுத்தது சிக்கனம். 1994-இல் ஜெஃப் பெசோஸ் கம்பெனியைத் தொடங்கிய புதிதில் மேஜைக்குச் செலவழிக்காமல் கதவுகளுக்குக் கால் அடித்து மேஜையாக்கினார் என்பது அங்கே புராணம். இவர் உடனே பரணிலிருந்த பழைய கதவை இறக்கினார். ஆசாரி கூலி, கால் கட்டை, பாலிஷ் எல்லாம் சேர்ந்து, கடையில் இரண்டு மேஜை வாங்குகிற காசு ஆனது. சிக்கனத்துக்காக அதையும் கொடுத்தார்.

தி.நகருக்குப் புடவை எடுக்கப் போனபோது, முடிவுகளில் இரண்டு வகை உண்டு என்று மனைவிக்கு விளக்கினார். பெசோஸ் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருவது. ஒரு வகை ஒருவழிக் கதவு. நுழைந்தால் திரும்ப முடியாது, நிதானமாக யோசிக்க வேண்டும். மற்றது இருவழிக் கதவு. சரிப்படாவிட்டால் திரும்பிவிடலாம், சட்டென்று முடிவெடுக்க வேண்டும். "புடவை இருவழிக் கதவு. அஞ்சு நிமிஷத்துல எடுத்துடு" என்றார். மனைவி ஒன்றும் பேசாமல் கல்லாவுக்கு மேலே கையைக் காட்டினார். 'விற்ற பொருள் வாபஸ் பெறப்பட மாட்டாது' என்று எழுதியிருந்தது. அன்று கடை மூடும்வரை அங்கேதான் இருந்தார்கள்.

உச்சகட்டம் குலதெய்வம் கோயில் பயணம். 2004-இல் பெசோஸ் தன் மூத்த அதிகாரிகளின் கூட்டங்களில் பவர்பாயிண்டை ஒழித்தார். அதன் பிறகு யோசனையை ஆறு பக்கத்துக்குள் கட்டுரையாக எழுதி வர வேண்டும். கூட்டம் தொடங்கியதும் எல்லாரும் மௌனமாகப் படிக்க வேண்டும். பேச்சு அதற்குப் பிறகுதான். இவரும் ரயிலா, வேனா என்பது பற்றி ஆறு பக்கம் எழுதி, ஆளுக்கொரு பிரதி எடுத்து, ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் விநியோகித்தார். இருபது நிமிஷம் யாரும் வாய் திறக்கக் கூடாது. கண் சரியாகத் தெரியாத பாட்டி உள்ளேயிருந்து, "என்னடா எல்லாரும் ஊமையா உக்காந்திருக்கீங்க, யார் போயிட்டா?" என்று அலறினார்.

அந்த மௌனத்தில்தான் சாம்பார் அடிப்பிடித்தது. தவறு நடந்தால் ஆளைத் திட்டக் கூடாது, ஐந்து தடவை 'ஏன்' கேட்டு வேரைப் பிடிக்க வேண்டும். டொயோட்டாவில் பிறந்து அமேசானிலும் புழங்கும் முறை. இவர் நோட்டுப் புத்தகத்தோடு மனைவியிடம் போனார்.

"சாம்பார் ஏன் அடிப்பிடிச்சுது?"

"அடுப்பை அணைக்கலை."

"ஏன் அணைக்கலை?"

"நான் சமையல்கட்டுல இல்லை."

"ஏன் இல்லை?"

"கூடத்துல உக்காந்து படிச்சுட்டிருந்தேன்."

"ஏன் படிச்சே?"

"நீங்க குடுத்த ஆறு பக்கத்தைப் படிக்காம எழுந்திருக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஐந்தாவது 'ஏன்' கேட்கப்படவில்லை. வேன் என்று எழுதியவர் இவர், போனது ரயிலில். கருத்து மாறுபட்டாலும் முடிவான பின் முழு மனதோடு உடன்பட வேண்டும் என்பதும் அந்தப் பதினாறில் ஒன்று.

ஒருவழியாக 90 நாள் முடிந்து சேர்ந்தார். 'எப்போதும் டே ஒன்' என்று முழங்கும் கம்பெனியில் இவருடைய முதல் நாள், லேப்டாப்பில் பாஸ்வேர்டு வேலை செய்யாததால் ஹெல்ப் டெஸ்க் வரிசையில் கழிந்தது. மதியச் சாப்பாட்டில் பக்கத்து இருக்கைக்காரரிடம், "உங்களுக்குப் பிடிச்ச பிரின்சிபிள் எது?" என்று ஆர்வமாகக் கேட்டார். அவர் தயிர் சாதத்திலிருந்து தலையைத் தூக்காமலேயே, "அதெல்லாம் அப்ரைசல்ல பாத்துக்கலாம் ப்ரோ. உங்க ஆன்-கால் எந்த வாரம்னு பாத்தீங்களா? பேஜர் ராத்திரி ரெண்டு மணிக்கு அடிக்கும். கேப் பிக்-அப் எங்கே?" என்றார். இந்த இரண்டு கேள்விக்கும் இவரிடம் பதில் இல்லை.

அதற்காக அந்தப் பதினாறும் வெறும் அலங்காரம் என்று சொல்ல முடியாது. ஆள் எடுக்கும்போது கேட்கிறார்கள். கூட்டங்களில் நிஜமாகவே மௌனமாகப் படிக்கிறார்கள். ஆனால் சுவரில் எழுதிய கல்ச்சர் உலகம் முழுக்க ஒன்றுதான். நாள்தோறும் படுகிற கல்ச்சர் டீமுக்கு டீம் வேறு. ராத்திரி பதினொன்றுக்கு மெசேஜ் அனுப்பும் மேனேஜரும் அதே பதினாறைத்தான் படித்திருக்கிறார். ஆறு மணிக்கு "வீட்டுக்குக் கிளம்புங்க" என்கிற மேனேஜரும் அதையேதான்.

ஆகவே, சேரப் போகிறவர்களே, கொள்கைகளை ஒரு வாரத்தில் படித்து முடியுங்கள். மிச்ச நாளில் மூன்று விஷயங்களை விசாரியுங்கள்: மேனேஜர் எப்படிப்பட்டவர், அந்த டீமிலிருந்து கடைசியாகப் போனவர் ஏன் போனார், பேஜர் எத்தனை வாரத்துக்கு ஒரு முறை உங்கள் கைக்கு வரும். வாரம் ஐந்து நாளும் ஆபீஸுக்கு வர வேண்டும் என்பது 2025 ஜனவரியிலிருந்து அமேசானில் விதி. வீடு எங்கே பார்ப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பெரியப்பாவின் மிக்ஸி ஜாரை மட்டும் கஸ்டமர் கேருக்கே விட்டுவிடுங்கள்.